எண்பது ரூபாய் போர்டும் அக்காவின் ராத்திரித் தூக்கமும்

என் அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். குன்னம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மகனோடு இருக்கிறாள். பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும், காலை ஆறு மணிக்கே போன் வந்தது. "ராத்திரி பூரா தூங்கலடா" என்றாள். உடம்புக்கு ஏதோ என்று பதறிவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

"மோட்டார் செல்லு கெட்டுப் போச்சு. பய ராத்திரி ஒரு மணிக்குக் கொல்லைக்குப் போறான். அவன் திரும்பி வந்து செருப்பைக் கழட்டுற சத்தம் கேக்குற வரைக்கும் எனக்குக் கண்ணு மூட மாட்டேங்குது."

மோட்டார் செல் என்று அக்கா சொல்வது, மோட்டார் ஸ்டார்ட்டரோடு சேர்த்து மாட்டும் மொபைல் ஸ்டார்ட்டர் பெட்டியை. டவுனில் இருக்கும் நண்பர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கும். வீட்டிலிருந்தபடியே அந்த நம்பருக்குப் போன் போட்டால் கிணற்று மோட்டார் ஓடும். மறுபடி போட்டால் நிற்கும். கரண்ட் வந்தால் அதுவே தகவல் சொல்லும்.

இது வசதிக்கு வாங்கிய பொருள் இல்லை. நம் பக்கம் விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் பகலில் சில மணி நேரம், ராத்திரியில் சில மணி நேரம் என்று முறை வைத்துத்தான் வந்து பழக்கம். மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் தண்ணீர் கட்ட வேண்டும் என்றால், கரண்ட் வருகிற நேரத்தில் எழுந்து போகத்தான் வேண்டும். டார்ச் லைட், கையில் ஒரு கம்பு, வரப்பில் பனி. அக்கா வீட்டுக்காரர் அப்படிப் போனபோதுதான், பல வருடங்களுக்கு முன்னால் ஓர் ஐப்பசி ராத்திரியில், மோட்டார் கொட்டகை வாசலில் கண்ணாடி விரியனை மிதித்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் கடைசி வரை அந்தக் காலைச் சரியாக ஊன்றி நடக்கவில்லை. மகன் தலையெடுத்ததும் அக்கா வாங்கச் சொன்ன முதல் சாமான் இந்த மொபைல் ஸ்டார்ட்டர்தான்.

அதனால்தான் ஒரு சின்னப் பெட்டி கெட்டுப்போனதற்கு இவ்வளவு பெரிய கட்டுரையா என்று யாரும் கேட்க வேண்டாம்.

அக்கா மகனைப் பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். முதலில் வாங்கிய கடைக்குப் போனோம். கடைக்காரர் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "போர்டு போயிடுச்சு. இந்த மாடல் இப்ப வர்றதில்ல. புதுசு ஐயாயிரத்து இருநூறு" என்றார். எந்தக் கடை என்று எழுதப் போவதில்லை. எந்தக் கடைக்குப் போனாலும் இதே பதில்தான் வந்திருக்கும் என்பது என் அனுபவம். டி.வி.க்கும் இதே பதில், மிக்ஸிக்கும் இதே பதில், தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினுக்கும் இதே பதில்.

இரண்டாவதாக, பழைய ரேடியோ ரிப்பேர் செய்யும் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் நல்ல மனிதர். திறந்து பார்த்தார். "சிம் இருக்கிற பாகத்துக்குக் கரண்ட் போகலை, அவ்வளவுதான்" என்று சரியாகவே கண்டுபிடித்தார். 7805 என்று ஒரு மூன்று கால் ஐ.சி.யும் ஒரு டயோடும் போட்டு 150 ரூபாய் வாங்கிக்கொண்டார். பகலில் வேலை செய்தது. ராத்திரி போன் போட்டால் மூன்று ரிங் அடித்து அறுந்துபோகும். அக்கா மகன் மறுபடியும் டார்ச்சை எடுத்தான்.

மூன்றாவதாகப் போனது அரியலூருக்கு. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு பையன், டிப்ளமா படித்தவன். என் வீட்டு ரேடியோவை ஒருமுறை உயிர்ப்பித்தவன் என்பதால் எனக்கு அவனிடம் நம்பிக்கை. அவன் பெட்டியைத் திறந்து, 7805-ஐத் தொட்டுப் பார்த்து, விரலை உதறிக்கொண்டு சிரித்தான்.

"ஐயா, இது தப்பான வைத்தியம் இல்ல. ஆனா இந்த நோயாளிக்குச் சேராது."

அதன் பிறகு ஒரு மணி நேரம் அவன் சொன்னதும், வீட்டுக்கு வந்து நான் படித்துத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

கரண்ட் நம்மிடம் வருவதே படிப்படியாக இறங்கித்தான். நெய்வேலியிலிருந்து புறப்படும்போது லட்சக்கணக்கான வோல்ட். சப்-ஸ்டேஷனுக்குச் சப்-ஸ்டேஷன் இறங்கி, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் 230 ஆகி வீட்டுக்குள் வருகிறது. கோட்டையில் போட்ட உத்தரவு கலெக்டர், ஆர்.டி.ஓ., தாசில்தார், வி.ஏ.ஓ. என்று இறங்கி வருகிற மாதிரி. மேலிடத்து பாஷை அப்படியே கிராமத்தில் போய் விழுந்தால் ஒருவருக்கும் புரியாது. உயர் அழுத்தம் அப்படியே வந்து விழுந்தால் ஒன்றும் மிஞ்சாது.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் இறங்க வேண்டிய படிகள் இருக்கின்றன. அவை நம் கண்ணில் படுவதில்லை. இந்த மொபைல் ஸ்டார்ட்டரில் உள்ள சின்ன டிரான்ஸ்ஃபார்மர் கரண்ட்டைக் குறைத்து, டயோடுகள் அதை நேர் மின்சாரமாக்கி, 12 வோல்ட் ஆக்குகின்றன. மோட்டாரைத் தூண்டிவிடும் ரிலேவுக்கு அந்த 12 போதும். ஆனால் சிம் கார்டு இருக்கும் செல்போன் பாகத்துக்கு 12 கொடுத்தால் அந்த நிமிடமே காலி. அது கேட்பது 4 வோல்ட். நாலரையைத் தொட்டாலே ஆபத்து. ஆக, 12-ஐ 4 ஆக்கிக் கொடுக்க நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் செத்துப்போயிருந்தான்.

டிரான்ஸ்ஃபார்மர் இந்த வேலையைச் செய்யாது. அது மாறு மின்சாரத்தை மட்டும்தான் ஏற்றி இறக்கும். நேர் மின்சாரத்திடம் அதன் ஜம்பம் பலிக்காது. எடிசன் 1882-இல் நியூயார்க்கில் மின்சாரம் விற்க ஆரம்பித்தபோது நேர் மின்சாரம்தான் விற்றார். அதை ஏற்றி இறக்க அன்றைக்குச் சுலபமான வழி கிடையாது. அதனால் மின் நிலையத்திலிருந்து ஒரு மைல் சுற்றளவுக்கு மேல் கொண்டுபோக முடியாமல் தவித்து, மாறு மின்சாரத்திடம் தோற்றுப்போனார். அவருக்கு அன்று கைகூடாத ஒன்றை, கட்டைவிரல் நீளமுள்ள ஒரு நீல போர்டு இன்று எண்பது ரூபாய்க்குச் செய்கிறது.

நேர் மின்சாரத்தைக் குறைக்க இரண்டு வழி இருக்கிறது. அந்தப் பையன் சொன்னதை நம் ஊர்ப் பாஷையில் சொல்கிறேன். மேட்டுத் தொட்டியிலிருந்து பைப்பில் தண்ணீர் வேகமாக வருகிறது. நாற்றங்காலுக்கு அவ்வளவு வேகம் ஆகாது. ஒரு வழி, தேவையானதை மட்டும் உள்ளே விட்டு மீதியைப் பக்கத்தில் சிந்தவிடுவது. ரேடியோக்காரர் போட்ட 7805 இந்த ஜாதி. 12 வோல்ட்டில் 4 மட்டும் வேலைக்குப் போகிறது. மீதி 8 வோல்ட்டும் சூடாகச் சிந்துகிறது. ஓர் ஆம்பியர் ஓடினால் 4 வாட் வேலை, 8 வாட் சூடு. பையன் விரலை உதறியது அதனால்தான்.

இன்னொரு வழி, வால்வைத் திறந்து மூடி, திறந்து மூடி, கீழே ஒரு சின்னத் தொட்டியில் விழவிட்டு, அதிலிருந்து நாற்றங்காலுக்குச் சீராக வடியவிடுவது. எதையும் சிந்த வேண்டியதில்லை. அந்த நீல போர்டு செய்வது இதைத்தான். 12 வோல்ட்டை ஒரு பங்கு நேரம் திறந்து, இரண்டு பங்கு நேரம் மூடினால் சராசரி 4 வோல்ட். ஒரு விநாடிக்கு ஒன்றரை லட்சம் தடவை திறந்து மூடுகிறது. அதில் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அது பாரம் ஏற்றிய மாட்டுவண்டி மாதிரி. கிளம்பவும் நேரம் எடுக்கும், நிற்கவும் நேரம் எடுக்கும். அதனால் இந்தத் திறப்பு மூடலின் குலுக்கல் மறுபக்கம் தெரியாது. மிச்சமிருக்கும் அலையைக் கெப்பாசிட்டர் என்கிற தொட்டி சமன் செய்துவிடும். அதே 4 வாட் வேலைக்கு இதில் வீணாவது சுமார் ஒரு வாட்தான்.

இதற்கு இங்கிலீஷ் பெயர் பக் கன்வெர்ட்டர். கடையில் ஸ்டெப் டவுன் போர்டு என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் இதற்கு என்ன பெயர் என்று தேடிப் பார்த்தேன். 'அஷேர்' என்கிறார்கள். நறுக்குகிறவன் என்று அர்த்தம். கொத்துக்கறிக்குச் சொல்கிற வார்த்தையும் அந்தக் குடும்பம்தான். எனக்கு இந்தப் பெயர்தான் பிடித்தது. செய்கிற வேலையை அப்படியே சொல்கிறது. இன்னொன்றும் ஞாபகம் வந்தது: பிரெஞ்சில் வோல்டேஜுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஒரே வார்த்தை, 'தான்சியோன்'. அந்த வாரம் அக்காவுக்கு இரண்டுமே சரியில்லை.

சரி, 7805 பகலில் ஓடி ராத்திரியில் ஏன் மக்கர் செய்தது? பழைய ஆட்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். ரேடியோ பக்கத்தில் செல்போனை வைத்திருந்தால், கால் வருவதற்கு ஒரு விநாடி முன்னால் ரேடியோ 'டிடிக் டிடிக் டர்ர்' என்று உறுமும். பழைய 2ஜி செல்போன் தொடர்ந்து பேசுவதில்லை; விநாடிக்கு 217 தடவை விட்டுவிட்டுக் கத்துகிறது. அந்தக் கத்தல்தான் ரேடியோவில் உறுமலாகக் கேட்டது. ஒவ்வொரு கத்தலுக்கும் அது 2 ஆம்பியர் வரை இழுக்கும். டவர் பக்கத்தில் இருந்தால் மெதுவாகக் கத்தும், தூரத்தில் இருந்தால் உச்சக் குரலில் கத்தும். அக்கா மகனின் கிணற்றிலிருந்து டவர் வெகுதூரம். ரிப்பேர்க் கடையில் வைத்துப் பார்க்கும்போது டவர் தெருக்கோடியில். அதனால்தான் கடையில் ஓடியது, கொல்லையில் ஓடவில்லை. கிராமத்தில் பகலில் ஏதோ ஒப்பேற்றியது. ராத்திரி லைன் வோல்டேஜ் ஏறும்போது உள்ளே வரும் 12, 15 ஆகிறது. சிந்த வேண்டியது இன்னும் அதிகம். ஐ.சி. சூட்டில் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. ரேடியோக்காரர் மேல் குற்றமில்லை. அவர் படித்த காலத்து வைத்தியம் அது.

அரியலூர்ப் பையன் 7805-ஐக் கழற்றிவிட்டு, எல்.எம். 2596 என்ற ஐ.சி. போட்ட நீல போர்டு ஒன்றை எடுத்தான். அதன் மேல் பித்தளைத் திருகாணி வைத்த நீலக் கட்டி ஒன்று இருக்கும். அதைத் திருப்பித்தான் எத்தனை வோல்ட் வேண்டுமோ வைக்க வேண்டும். புது போர்டு எந்த அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. பலசமயம் உச்சத்தில் இருக்கும்; பத்துச் சுற்று இடப்பக்கம் திருப்பிய பிறகுதான் முள் அசையும். அதனால் எதையும் மாட்டுவதற்கு முன்னால் மல்டிமீட்டரில் 4.0 பார்த்து வைத்தான். திருகாணி அசையாமல் இருக்க அதன் மேல் ஒரு சொட்டு நகப்பாலீஷ் வைத்தான். (அக்காவிடம் இதைச் சொன்னபோது, "ஆம்பளப் பய கடையில நகப்பாலீஷ் எதுக்குடா?" என்றுதான் கேட்டாள்.) செல்போன் பாகத்துக்குப் பக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்தான், அந்தத் திடீர் இழுப்புக்குக் கைமாற்று கொடுக்க. ஒரு ஃப்யூஸும் ஒரு ஜீனர் டயோடும் போட்டான்.

"அது எதுக்குத் தம்பி?"

"ஐயா, இந்த போர்டு செத்தா சும்மா சாகாது. சில சமயம் வால்வு திறந்தபடியே மாட்டிக்கும். அப்ப 12 அப்படியே உள்ள போயிடும். அந்த நேரத்துல ஜீனர் தன்னைக் கொடுத்து ஃப்யூஸைப் போக்கிடும். செல்போன் பாகம் பொழச்சுக்கும்."

பழைய பாகம் ஏன் செத்தது என்றும் காட்டினான். உள்ளே இருந்த கெப்பாசிட்டரின் தலை பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. இந்த ஜாதி கெப்பாசிட்டரில் திரவம் உண்டு, சூட்டில் காயும். 10 டிகிரி சூடு ஏறினால் ஆயுசு பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் பொதுக் கணக்கு. நம் பெரம்பலூர் சித்திரை வெயிலில், தகரப் பெட்டிக்குள், தகரக் கூரைக்குக் கீழே அது இத்தனை வருடம் இருந்ததே பெரிது. போதாததற்குப் பெட்டிக்குள் சிற்றெறும்புப் புற்று ஒன்றும், காய்ந்த பல்லி ஒன்றும் கிடந்தன. மோட்டார் பெட்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஓட்டையைத் துணி வைத்தாவது அடையுங்கள்.

இதெல்லாம் முடிய ஒரு மணி நேரம். போர்டு எண்பது ரூபாய், மற்ற சாமான் நாற்பது, கூலியோடு நானூறு ரூபாய் கேட்டான். அக்கா மகன், "எண்பது ரூபா சாமானுக்கு நானூறா?" என்று ஆரம்பித்தான்.

"மாப்ளே, ஐயாயிரத்து இருநூறு கேட்டவர்கிட்ட நீ ஒரு ரூபாகூடக் குறைச்சுக் கேக்கலையே?" என்றேன். வாயை மூடிக்கொண்டு பணத்தை எடுத்தான்.

என் முதல் கருத்து இதுதான். புதுசு விற்பவரிடம் பேரம் பேச நமக்குக் கூச்சம். பழுது பார்ப்பவரிடம் பேரம் பேசாமல் இருந்தால் தூக்கம் வராது. போர்டின் விலை எண்பதுதான். எந்த போர்டு, எத்தனை வோல்ட், ஏன் 7805 ஆகாது என்பதற்குத்தான் மீதி. இந்த அறிவுக்குக் காசு கொடுக்க மறுத்தால் அந்தப் பையனும் நாளைக்குப் புதுப் பெட்டி விற்கும் கடையில் சம்பளத்துக்குப் போய்விடுவான். அப்புறம் நம் இரண்டு மாவட்டத்திலும் "போர்டு போயிடுச்சு" என்று சொல்லத்தான் ஆள் இருக்கும்.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். எண்பது ரூபாய் போர்டுகளில் போலி நிறைய. மேலே எல்.எம். 2596 என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது விநாடிக்கு ஐம்பதாயிரம் தடவை மட்டும் திறந்து மூடும் வேறு சரக்கு. மெதுவாகத் திறந்து மூடும் சரக்குக்குப் பெரிய சுருள் வேண்டும். போர்டிலோ சின்னச் சுருள். அது சூடாகும். மூன்று ஆம்பியர் என்று விற்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் தொடர்ந்து இரண்டுக்கு மேல் இழுக்க மாட்டார்கள். கேரண்டி இருக்கும் பெட்டியைத் திறந்தால் கேரண்டி போய்விடும், அதுவும் நியாயம். எல்லாவற்றுக்கும் மேல், 230 வோல்ட்டும் மும்முனையும் வரும் பக்கத்தில் விஷயம் தெரியாதவர்கள் கை வைக்கவே கூடாது. நான் பேசுவது 12 வோல்ட்டுக்கு இந்தப் பக்கத்தில் இருக்கும் பாகத்தைப் பற்றி மட்டும்தான். அதையும் தெரிந்தவர்கள்தான் செய்ய வேண்டும்.

இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஆபத்துகள் பாதிக்கு மேல் ஏன் வருகின்றன? பெட்டிக்குள் எங்கே எத்தனை வோல்ட் என்று ஒரு எழுத்துகூட எழுதாததால். அந்த போர்டில் எங்கள் பையன் மல்டிமீட்டரை வைத்து அரை மணி நேரம் தேடித்தான் '12 இங்கே, 4 அங்கே' என்று கண்டுபிடித்தான். ஐ.சி.க்களின் மேலிருந்த எண்ணைச் சுரண்டி வேறு அனுப்பியிருக்கிறார்கள். இது தொழில் ரகசியம் இல்லை. உலகம் முழுக்க எல்லோருக்கும் தெரிந்த சர்க்யூட்தான். நீ திறக்காதே, புதுசு வாங்கு என்பதற்கு வேறு பாஷையில் எழுதிய அறிவிப்பு அது.

பிரான்சில் 2021 ஜனவரி 1-இல் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. செல்போன், லேப்டாப், டி.வி., வாஷிங் மெஷின் மாதிரி சாமான்களை விற்கும்போது, இதைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு இத்தனை மார்க் என்று விலைக்குப் பக்கத்திலேயே போட வேண்டும் என்றது அது. திறக்க முடிகிறதா, சர்க்யூட் விவரம் கிடைக்கிறதா, ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கிறதா, என்ன விலை என்பதையெல்லாம் வைத்து அந்த மார்க். கம்பெனிகளே போட்டுக்கொள்ளும் மார்க் என்று அங்கே குறை சொன்னவர்களும் உண்டு. ஆனாலும் வாங்குகிறவன் கண்ணில் அது பட்டது.

நம் மத்திய அரசும் சும்மா இல்லை. நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டது. எடுத்துக்கொண்ட நாலு வகையில் விவசாயக் கருவிகளும் ஒன்று. மற்றவை செல்போன், வீட்டுச் சாமான், வாகனம். அந்த வருடம் டிசம்பரில் இணையத்தில் ஒரு தளமும் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் அக்கா மகனைப் போன்றவர்களுக்கு அந்தத் தளம் இருப்பதே தெரியாது. பெட்டி கெட்டுப்போகும் ராத்திரியில் அதைத் தேடிப் பார்க்கவும் முடியாது.

நான் கேட்பது பெரிய சட்டம் இல்லை, ஒரே ஒரு வரி. தமிழ்நாடு அரசு வேளாண் பொறியியல் துறை மூலம் இந்த மொபைல் ஸ்டார்ட்டருக்கு மானியம் கொடுக்கிறது. ரொம்ப நல்ல திட்டம். ராத்திரியில் எத்தனையோ கால்களைக் காப்பாற்றும் திட்டம். மானியம் என்றால் கம்பெனிகளுக்கு நிபந்தனைகள் உண்டு. காலமெல்லாம் அப்படிப்பட்ட நிபந்தனைகளை டைப் அடித்து, ஒப்பிட்டு, ஃபைலில் கோர்த்தவன் நான். இருக்கிற நிபந்தனைகளோடு இன்னும் ஒன்றைச் சேர்க்க ஒரு மத்தியானம் போதும் என்று எனக்குத் தெரியும். அது இப்படி இருக்கலாம்:

வோல்டேஜ் குறைக்கும் பாகம் மற்ற போர்டோடு ஒட்டாமல், கழற்றி மாட்டும்படி தனியாக இருக்க வேண்டும். உள்ளே வருவது எத்தனை வோல்ட், வெளியே போவது எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எது ப்ளஸ் எது மைனஸ் என்று மூடியின் உள்பக்கம் தமிழில் அச்சிட்டிருக்க வேண்டும்.

அவ்வளவுதான். இதனால் கம்பெனிக்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு கனெக்டரும் ஒரு ஸ்டிக்கரும். மாற்றுவதற்கு அரியலூர் வரை வர வேண்டாம். பஞ்சாயத்துக்கு ஒரு வயர்மேனுக்குச் சொல்லிக்கொடுத்தால் அவரே மாற்றிவிடுவார். அதோடு நம் இரண்டு மாவட்டத்து ஐ.டி.ஐ.க்களிலும் எலக்ட்ரீஷியன் பிள்ளைகளுக்கு ஒரு நாள் இந்த போர்டைக் கையில் கொடுத்து, மல்டிமீட்டரில் வோல்ட் வைக்கச் சொல்லிக்கொடுக்கலாம். படித்து முடித்து சொந்த ஊரிலேயே ஒரு மேஜை போட்டு உட்கார ஒரு வழி கிடைக்கும்.

நம் வயதுக்காரர்கள் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. இனிமேல் எந்தக் கடையிலாவது "போர்டு போயிடுச்சு" என்றால், உடனே தலையாட்டிவிட்டு வராதீர்கள். "எந்தப் பாகம் போச்சு? அதுக்கு எத்தனை வோல்ட் வருது, எத்தனை வோல்ட் போகணும்?" என்று கேளுங்கள். பதில் புரிய வேண்டும் என்றுகூட அவசியமில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிகிறவரிடம் சாமானைக் கொடுங்கள். முடியாதவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பெட்டியை மாட்டி இப்போது மூன்று மாதம் ஆகிறது. நான் போன வாரம் குன்னம் போயிருந்தேன். ராத்திரி கரண்ட் வந்ததும் அக்கா மகன் படுத்தபடியே போனை எடுத்து அழுத்தினான். சற்று நேரத்தில் தூரத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பக்கத்து அறையில் அக்காவின் குறட்டையும் கேட்டது.

காலையில் கொல்லைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அன்றைக்குக் கடையில் நான் கவனிக்காத ஒன்று மூடியின் உள்பக்கம் இருந்தது. கறுப்பு மார்க்கரில், கோணல் எழுத்தில், அந்தப் பையன் எழுதியிருந்தான்: 'உள்ளே 12, வெளியே 4.0, சிவப்பு ப்ளஸ், திருகாணியைத் தொடாதே'. கீழே தேதி.

நான் கேட்கும் நிபந்தனையை அவன் யாரும் கேட்காமலே நிறைவேற்றி வைத்திருந்தான்.